தனி அடுப்பு வைத்தால் பங்கு போய்விடுமா?

மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எட்டுப் பக்கக் கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 33 வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம், இரண்டு பெண் குழந்தைகள். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, வார விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருகிறார். ஊரில் மாமனார், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய மகன். நாத்தனாரைக் காவேரிப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நிலம் மூன்றரை ஏக்கர், ஒரு கிணறு. அதில் இரண்டு ஏக்கர், 1983-ல் இறந்த கணவரின் தாத்தா வழியில் வந்தது. ஒன்றரை ஏக்கர் மாமனார் 1994-ல் கிரயம் வாங்கியது.

எட்டு மாதத்துக்கு முன், விடிகாலையில் களி கிண்டுவது யார் முறை என்று ஆரம்பித்த சண்டை பேச்சே நின்றுபோகிற அளவுக்கு முற்றி, இவர் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் தனி அடுப்பு வைத்துக்கொண்டார். "அடுப்பு பிரிஞ்ச அன்னியிலிருந்து ஊருல எம் பேரே மாறிப்போச்சு. குடும்பத்தப் பிரிச்சவன்னுதான் பேச்சு" என்று எழுதுகிறார்.

தனி ரேஷன் கார்டு வாங்கினால் சொத்தில் பங்கு கிடையாது என்கிறார் கொழுந்தனார். கார்டு பிரிந்தால் தனக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை நின்றுபோகும் என்று மாமியாருக்குக் கவலை. "ஆம்பளப் பையன் அங்கதான இருக்கான்" என்று சொல்லி, நிலத்தில் பெரும்பகுதியை இளையவருக்கே விடப்போகிறாராம் மாமனார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பாகம் பிரிக்கும் கூர்ச்சீட்டும் எழுதிவிட்டார்கள். இளையவருக்கு இரண்டரை ஏக்கரும் கிணறும், மூத்தவருக்கு ஒரு ஏக்கர். நாத்தனார் பெயரே இல்லை. வருகிற அமாவாசையன்று கையெழுத்து. கணவரைக் கேட்டால் "அம்மாவக் கேட்டுக்கோ" என்கிறார். தையல் கடையில் பழக்கமான ஒருவரோ, "வரதட்சணைக் கேஸ் ஒண்ணு போடு, தானா இறங்கி வருவாங்க" என்கிறாராம்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி. சாயங்காலமானால் பெரிய மகளிடம் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து, ஓரகத்திக்குத் தெரியாமல் பின்கதவு வழியாக மாமனாருக்கு அனுப்புகிறார். "இப்படிக் குடுக்கறது, நாங்க இன்னும் ஒண்ணாத்தான் இருக்கோம்னு சாட்சி ஆயிடுமா மேடம்? நிறுத்திடட்டுமா?"

அன்புச் சகோதரி,

முதலில் அமாவாசை விஷயம். உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம். இன்று ராத்திரியே போன் செய்து சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சொத்தைப் பிரிக்கக் கேட்கும் பாக வழக்குகளில் நான் அடிக்கடி பார்க்கிற ஒன்று உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. அடுப்பு, கார்டு, பட்டா, உறவு நாலையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறீர்கள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் மாமியாருக்கும் கொழுந்தனாருக்கும் அதே பயம்தான். இந்த நாலுக்கும் நாலு தனிக் கணக்கு.

பிரித்தவள் என்ற பேர்

ஒரே கூரை, ஒரே அடுப்புச் சமையல், பொதுச் சொத்து, பொதுச் சாமி, ரத்த உறவு. இத்தனையும் சேர்ந்தால்தான் கூட்டுக் குடும்பம் என்று 1953-ல் இலக்கணம் வகுத்தார் மானுடவியலாளர் ஐராவதி கார்வே. நம் ஊர்ப் பெரியவர்கள் மனதில் இருப்பதும் இதுவேதான். அவருக்குப் பின் குஜராத்தின் மகுவா என்ற ஊரில் ஆய்வு செய்த ஐ.பி. தேசாய், தனித்தனியாகப் பொங்கித் தின்கிறவர்கள்கூடச் சொத்திலும் நல்லது கெட்டதிலும் கூட்டாகவே நடந்துகொள்வதைக் கவனித்தார். சேர்ந்து குடியிருந்து சாப்பிடுகிற கூட்டம் வேறு, குடும்பம் என்கிற உறவு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்று வலியுறுத்தியவர் ஏ.எம். ஷா. மகன்களுக்குக் கல்யாணம் ஆகும்போது வீடு பெருக்கும். பேரப்பிள்ளைகள் தலையெடுக்கும்போது பிரியும். பிரிந்த வீடு அடுத்த தலைமுறையில் மறுபடி பெருக்கும். உடைந்தது என்று நாம் அழுகிற பல குடும்பங்கள் இந்தச் சுற்றில் ஒரு கட்டத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

மூன்றாம் பக்கத்தில் நீங்களே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மாமனாரும் அவர் அண்ணனும் தாத்தா இருக்கும்போதே தனி அடுப்பு வைத்தவர்கள். இன்றைக்கு அந்தப் பெரிய மாமியாரை யாராவது குடும்பத்தைப் பிரித்தவள் என்கிறார்களா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், சுமார் 1.85 கோடி குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு நாலு பேர்கூடத் தேறாது. இத்தனை குடும்பத்தையும் மருமகள்களா பிரித்துவிட்டார்கள்?

பென்னாகரம் பக்கம் என் பாட்டி வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சமையல்கட்டு, நடுவில் மண்சுவர், சுவரில் ஒரு கை நுழையும் பொந்து. அதன் வழியாகத் தேங்காய்த் தொட்டியில் தணல் போகும், பதிலுக்கு உப்போ புளியோ வரும். இரண்டு பாட்டிகளும் ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பொந்தை யாரும் அடைக்கவில்லை.

அடுப்பு பிரிந்தால் பாகம் ஆகுமா?

ஆகாது. இது உங்களுக்கும் பொருந்தும், கொழுந்தனாருக்கும் பொருந்தும். தனியாகச் சமைப்பது, தனிக் கார்டு, தனி கேஸ் இணைப்பு இவற்றை மட்டும் வைத்துச் சொத்து பாகமாகிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லாது. பிரிந்துகொள்கிறோம் என்ற எண்ணத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளிப்படுத்தியிருக்க வேண்டும். மற்ற சாட்சியங்களோடு சேர்த்துத்தான் அடுப்பையும் எடைபோடுவார்கள். ஆகவே தனிக் கார்டு வாங்கியதால் உங்கள் கணவரின் பங்கு ஒரு சென்ட் குறையாது. அதேபோல், அடுப்புதான் பிரிந்துவிட்டதே என்று ஒரு சென்ட் தானாக வந்துவிடவும் செய்யாது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "என் பங்கு" என்று ஏழெட்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கணவர் உயிரோடு இருக்கையில் இந்த நிலத்தில் உங்கள் பெயரில் தனிப் பங்கு கேட்க முடியாது. உங்களுக்கு இருப்பது ஜீவனாம்ச உரிமையும் குடியிருக்கும் உரிமையும். பங்கு உங்கள் கணவருடையது. அது பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் மகள்களுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு. எனவே கேட்க வேண்டியவர் அவர். "அம்மாவக் கேட்டுக்கோ" என்று ஓசூர் பஸ் ஏறிவிட்டால், இந்தப் பேச்சில் வாய் திறக்கச் சட்டப்படி உரிமையுள்ள ஆள் ஊரிலேயே இல்லை என்றாகிறது. அடுத்த விடுமுறையில் அவரை உட்கார வைத்து இதை முதலில் பேசுங்கள்.

தாத்தா சொத்து பேரனுக்கா?

"தாத்தா சொத்தை மாமனாரால் யாருக்கும் எழுத முடியாது" என்று உறுதியாக நம்புகிறீர்கள். தருமபுரி கோர்ட் வாசலில் டீ குடிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். தாத்தாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவரே சம்பாதித்து வாங்கியதாக இருந்தால், 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1983-ல் அது மாமனாருக்குத் தனிச் சொத்தாக இறங்கியிருக்கும். அதில் பேரனுக்குப் பிறப்புரிமை கிடையாது. 1986-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதோடு, தாத்தாவுக்கு மகள்கள் இருந்தால் அவர்களும் அதில் வாரிசு. தாத்தாவுக்கும் முந்தைய தலைமுறையிலிருந்து வந்த கூட்டுச் சொத்து என்றால் மட்டும், மாமனார் கையில் இருக்கும் பங்கில் உங்கள் கணவருக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. அதை மாமனார் ஒரு மகனுக்கு மட்டும் செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுக்கும் பத்திரம்) எழுத முடியாது. தன் சொந்தப் பங்கை உயில் எழுதலாம்.

பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். நடந்தபோது உழுதுகொண்டிருந்தவர் பெயரில் பட்டா ஏறிய இடங்கள் நம் பக்கம் ஏராளம். பட்டா பெயரில் இருப்பதாலேயே மற்றவர்களுடைய உரிமை போய்விடாது.

நாத்தனார் விஷயத்திலும் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. "அவங்களுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்கிறீர்கள். சீர் என்பது பங்குக்குக் கழிவு ஆகாது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குக் கூட்டுச் சொத்தில் உரிமை கொடுத்தார்கள், அன்றைக்குக் கல்யாணம் ஆகியிருந்தவர்களை விட்டுவிட்டு. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றம் மகள் மகனுக்குச் சமம் என்று உறுதிப்படுத்தியது. "ஆம்பளப் பையன்" பேச்சு உங்கள் இரண்டு மகள்கள் விஷயத்தில் அநியாயம் என்றால், நாத்தனார் விஷயத்திலும் அநியாயம்தான். அவர் மனம் விரும்பித் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது வேறு. ஆனால் அவரை விட்டுவிட்டு எழுதுகிற எந்தச் சீட்டும் நாளைக்கு ஆடும்.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு ஏக்கரும் முழுக்கப் பூர்வீகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமனார், இரண்டு மகன்கள், மகள் என நாலு பங்கு. உங்கள் கணவருக்கு 50 சென்ட். 1994-ல் வாங்கிய ஒன்றரை ஏக்கர் மாமனார் சொந்தம், அவர் இருக்கும்வரை யாரும் கைவைக்க முடியாது. அவர் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய 50 சென்ட்டும் அந்த ஒன்றரை ஏக்கரும் சேர்ந்த இரண்டு ஏக்கர், மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். உங்கள் கணவருக்கு இன்னொரு 50 சென்ட். ஆக மொத்தம் ஒரு ஏக்கர். எல்லாமே மாமனாரின் தனிச் சொத்து என்றால் 87½ சென்ட்தான், அதுவும் அவர் வேறு யாருக்கும் எழுதாமல் இருந்தால்.

கூர்ச்சீட்டில் உங்களுக்குப் போட்டிருப்பதும் அதே ஒரு ஏக்கர்! எட்டுப் பக்கமும் நீங்கள் கொதித்திருப்பது இந்த அளவைப் பற்றி. இளையவருக்கு இரண்டரை போகிறதே என்ற ஆத்திரம் நியாயமானது. ஆனால் அதில் ஒரு ஏக்கர் நாத்தனார் கணக்கு, அரை ஏக்கர் மாமியார் கணக்கு. உங்களிடமிருந்து பறித்தது என்று கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம். சரிபாதி கிடைக்கும் என்று நம்பிப் பாக வழக்குப் போட்டால், வருடக்கணக்கில் நடந்து கடைசியில் இதே இடத்துக்கோ இதற்குக் கீழோ வந்து நிற்கலாம்.

நான் கவலைப்படுவது கிணற்றைப் பற்றி. கடிதத்தில் அதற்கு அரை வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். தக்காளி போடுகிற பூமியில் தண்ணீர் இல்லாத ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், மானாவாரியாகக் கொள்ளு விதைப்பீர்களா? நீங்கள் பேச வேண்டிய இடம் இதுதான். கிணற்றில் பொதுப் பங்கு, மோட்டார் ஓட்ட வாரத்தில் எத்தனை நாள் முறை, மாமனார் பெயரில் இருக்கும் இலவச விவசாய மின் இணைப்பில் பாத்தியம், ரோட்டிலிருந்து உங்கள் துண்டுக்கு வண்டிப்பாதை. இவை சர்வே எண்ணோடு எழுத்தில் வர வேண்டும். "அண்ணந் தம்பிதானே, வழி விடாமலா போயிடுவாங்க" என்று விட்ட பாதைக்காக எத்தனை வழக்கு பார்த்துவிட்டேன் தெரியுமா?

கார்டும் உரிமைத் தொகையும்

கார்டு என்பது யாருக்கு எத்தனை கிலோ அரிசி என்ற கணக்கு. தமிழ்நாட்டில் தனிக் கார்டுக்குத் தனிச் சமையல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பழைய கார்டிலிருந்து உங்கள் நாலு பேர் பெயரையும் நீக்கிவிட்டு, இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். விசாரணைக்கு வருகிறவரிடம் தாழ்வாரத்து அடுப்பைக் காட்டுங்கள், போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரு குடும்பம் என்பது பொதுச் சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான். வேலை நிமித்தம் வெளியே சாப்பிடுகிறவருக்கு விலக்கு உண்டு. ஓசூர் மெஸ்ஸில் சாப்பிடுகிற உங்கள் கணவரை எந்த வீட்டில் எண்ணுவது என்பது கணக்கெடுக்க வருகிறவருக்குத் தலைவலி!

மாமியாரின் பயத்துக்கு நீங்களே பதில் சொல்லலாம். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது வகுத்த விதி, ஒரு கார்டுக்கு ஒரு குடும்பத் தலைவி. நீங்கள் பெயர் நீக்கிக்கொண்டதாலேயே அவர் அந்தக் கார்டின் தலைவி இல்லை என்றாகிவிடாது. உங்களுக்கும் புதுக் கார்டு கைக்கு வந்த மறுநாள் பணம் வராது. விண்ணப்பம் வாங்கும்போது போட்டு, வருமானம், நிலம், மின்சாரம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இதையெல்லாம் கொழுந்தனார் வாயால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மாமியார் பயந்துகொண்டேதான் இருப்பார். நீங்கள் நேரே போய்ச் சொல்லுங்கள்.

வீடு மாமனார் பெயரில்

"வெளிய போன்னு சொன்னா நான் போகணுமா?" போக வேண்டியதில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, நீங்கள் கணவரோடு குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்ட நடைமுறை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. இருக்கும் உரிமைதானே தவிர, சொந்தம் கொண்டாடும் உரிமை இல்லை. முன்பக்க மாடிக் கட்டடத்துக்குக் கணவர் பி.எஃப். பணம் எடுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வங்கிக் கணக்கு விவரத்தைப் பத்திரப்படுத்துங்கள், பேச்சுவார்த்தையில் கைகொடுக்கும்.

வரதட்சணைக் கேஸ் யோசனையைத் தையல் கடையிலேயே விட்டுவிடுங்கள். எட்டுப் பக்கத்தில் வரதட்சணை கேட்டதாக ஒரு வரி இல்லை, யாரும் கை நீட்டியதாக இல்லை. நிலத்துக்காகப் பொய்க் கேஸ் போட்டால் முதல் எதிரியாக நிற்கப்போவது உங்கள் கணவர். உண்மையிலேயே அடியோ மிரட்டலோ வந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். அதற்குத் தயங்காதீர்கள்.

அமாவாசைக்கு முன்னால்

கூர்ச்சீட்டில் ஏன் கையெழுத்து வேண்டாம் என்றால், பாகத்தையே உண்டாக்குகிற சீட்டைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாத சீட்டை வைத்துப் பாகத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் "அண்ணன் அன்னிக்கே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டான்" என்று உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். நன்மை கிடைக்காது, தொந்தரவு மட்டும் மிஞ்சும். பெரியவர்களிடம் முறைத்துக்கொள்ள வேண்டாம். "பேசினதை மறுக்கல, தங்கச்சியையும் வெச்சு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முறையா எழுதிக்கலாம்" என்று உங்கள் கணவர் சொன்னால் போதும். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைக் கட்டணம், கிரயத்துக்கு ஆவதைவிட மிகக் குறைவு.

அதற்குள் தாத்தா பெயரிலும் மாமனார் பெயரிலும் உள்ள பத்திரங்கள், வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (கிராமத்து நில விவரப் பதிவேடு) நகல் மூன்றையும் எடுங்கள். பழைய காலத்து வில்லங்கத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனு கொடுக்க வேண்டியிருக்கலாம். பேச்சு ஒத்துவராவிட்டால் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குப் போடாமலே எல்லோரையும் வரவழைத்துச் சமரசம் பேசுவார்கள். அங்கே முடித்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

பத்திரத்தில் பெரியவர்களுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். 2007-ன் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை மகன்களுக்கும் மகளுக்கும் உண்டு. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நிலத்தை இளையவருக்கு எழுதுவதானால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதச் சொல்லுங்கள். தவறினால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். இதைச் சொல்லப்போவது நீங்கள் என்றால் மாமனார் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

குழம்புக் கிண்ணம் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி ஆகாது, நிறுத்தாதீர்கள். பின்கதவு மட்டும் வேண்டாம். ஓரகத்தி பார்க்கிற மாதிரி முன்வாசல் வழியாகவே குழந்தையை அனுப்புங்கள். தாத்தாவின் பத்திரம் கையில் கிடைத்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.